அரைப்பேர்

"வருசத்துக்கு நாலாயிரம் பவுண்" என்று வாசித்தேன்.
கடைசி வாங்கிலிருந்து மதுஷிகா:
"நகையாவா மிஸ்?"
ஒன்பது பிள்ளைகள் சிரித்ததில்
நோர்வூட் மூடுபனி கொஞ்சம் விலகியது.

நகையில்லை, வருமானம். மாப்பிள்ளையுடையது.
அவர் வேலைக்குப் போறதில்லையா?
இல்லை. அவருக்காக நிலம் போகிறது.

உயர்தர வகுப்பு, ஆங்கில இலக்கியம்.
இருநூறு வருசத்துக்கு முந்திய ஒரு சீமை நாவல்.
எழுதியவள் காதலைத்தான் சொல்ல வருகிறாள்,
ஆனால் எல்லாருடைய கணக்கையும் பார்த்த பிறகு:
யாருக்கு எவ்வளவு, எந்த மாமா செத்தால் எவ்வளவு,
வண்டிக்கு எத்தனை குதிரை.
பொகவந்தலாவைத் தரகர் சூசை அவளைப் பார்த்திருந்தால்
எழுந்து நின்றிருப்பார்.

டிலுக்ஷன் பலகையில் கணக்குப் போட்டான்.
பேர் ஒன்றுக்கு இவ்வளவு, மாதம் இருபது பேர்,
பதினெட்டுக் கிலோ குறைந்தால் அரைப்பேர்…
சோக்கட்டி தீர்ந்தது. பவுண் தீரவில்லை.

பரீட்சைக்கு வரும் கேள்வி வேறு:
ஆண்பிள்ளை இல்லாத வீடு
ஏன் மகள்களுக்குச் சேராது?
இது விளங்காது என்று
முந்தின இரவு மூன்று பக்கம் குறிப்பெழுதியிருந்தேன்.
"லயத்துக் காம்பரா மாதிரி, மிஸ்.
வீட்டுல ஒரு ஆளு பேர் பதிஞ்சிருக்கணும்.
இல்லாட்டி தொரை சாவியக் கேப்பாரு."
குறிப்பை மடித்துப் பையில் வைத்தேன்.

அம்மாவுக்குப் பங்குனியோடு அறுபது.
தம்பி புறக்கோட்டையில் கொத்துரொட்டி அடிக்கிறான்.
என் பேர் கல்வித் திணைக்களத்தில் இருக்கிறது,
செக்ரோலில் இல்லை.
பத்துக்குப் பன்னிரண்டு அடி, தகரக் கூரை,
காற்றுக்குப் பறக்காமல் அதன்மேல் மூன்று டயர்:
எங்கள் மாளிகை.

சூசை இரண்டு ஜாதகம் கொண்டுவந்தார்.

ஒன்று, ஹட்டன் டவுன். ஹார்ட்வெயார் கடை,
மேல்மாடியில் மாபிள் பதித்த வீடு.
மாப்பிள்ளையின் தாய் எங்கள் நாற்காலியில்
முழுசாக உட்காரவில்லை.
"சீதனம் ஒண்ணும் வேணாம்" என்றார்.
"பத்திரிகையில மட்டும் தோட்டத்துப் பேரப் போடாம
டீச்சர்னு போட்டுக்குவோம்."
கேட்டது அவ்வளவுதான்.
தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.
ஒன்றாம் தரத் தூள். அம்மா
அவருக்காகக் கடனுக்கு வாங்கியது.

மற்றது ஜெகசோதி. கீழ் லயம், கவ்வாத்து வெட்டுகிறவர்.
வந்தால் எங்கள் வீட்டில் பேர் பதிவார்,
சாவி அம்மா இடுப்பிலேயே இருக்கும்.
வீட்டோடு சேர்ந்து வருகிற இப்படி ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துத்தான்
நாவலில் எல்லாரும் சிரிப்பார்கள்.
நானும் சிரிக்கத் தயாராக இருந்தேன்.
பிரட்டுக்கள வளைவில் நிறுத்தினார்.
"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. எனக்கும் இது வேணாம்.
கலியாணம் கட்டாமலே ஒங்க வீட்டுல
பேர் பதியலாமான்னு கிளாக்கையாகிட்ட கேட்டேன்,
அம்மாவுக்காக.
ஏலாதாம்."
படங்குச் சாக்கைத் தலைக்கு இழுத்துக்கொண்டு
மழைக்குள் இறங்கினார்.
இவ்வளவு மரியாதையாக
என்னை யாரும் வேண்டாமென்றதில்லை.

மறுநாள் மதுஷிகா:
"மிஸ், கடைசியா அவ கட்டினது அவரையா, அந்த வீட்டையா?"
இரண்டையும் என்று எழுதி
ஒரு மேற்கோள் காட்டினால் எட்டுப் புள்ளி.
சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.
அவள் மட்டும் பேனையை மூடி வைத்துவிட்டு
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அம்மா கூடையை இறக்கினாள்.
"பதினேழு கிலோ. அரைப்பேர்தான்" என்றாள்,
முழங்காலிலிருந்து அட்டையைப் பிய்த்தபடி.

பத்திரிகையில் என்ன பேர் போடுவதென்று
சூசை இரண்டு தரம் ஃபோன் எடுத்துவிட்டார்.